வருஷத்துக்கு 13 தடவை கட்டிய ஜிம்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரும்புக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது நான் இப்போது போகும் ஜிம். படி அவ்வளவு செங்குத்து, ஏறி முடிப்பதற்குள் பாதி உடற்பயிற்சி ஆகிவிடும். காலை 10 முதல் 12 வரை லேடீஸ் டைம். மாதம் 700 ரூபாய். மாஸ்டர் நீள நோட்டில் பெயர் எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, பணத்தை மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார். ரசீதெல்லாம் கிடையாது.

"மூணு வாரம்தான் மாஸ்டர் இருப்பேன், அப்புறம் ஃபிரான்ஸ் போயிடுவேன்" என்றேன்.

"அப்ப 500 குடும்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கூடவே நின்றிருந்தவள் என் சித்தி பெண். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஃபிரெஞ்சு நேஷனாலிட்டி, வேலை பாரீஸ் பக்கம். விசா வந்ததும் கிளம்பிவிடுவாள். "அக்கா, அங்க ஜிம்முக்கு எவ்ளோ ஆகும்?" என்று படியிறங்கும்போது கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தது டீக்கடையில் நிற்கும்போதும் முடியவில்லை, வீட்டுக்கு வந்து வெயிலுக்கு மோர் குடிக்கும்போதும் முடியவில்லை. இவளைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த வருஷமும் கிளம்புவார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து ஃபிரான்ஸ் போகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு சொல்தா வீடு, அதாவது ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு. எந்த ஊறுகாய் பெட்டியில் கசியாது, எந்த மாதம் எந்தக் கோட்டு என்று எல்லாம் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்காரரின் தாத்தாவும் சொல்தாதான். ஆனால் அந்த வீட்டில் ஜிம் என்று வாயெடுத்தால், "வீட்டு வேலைய செஞ்சாலே போதாதா?" என்பார் என் மாமியார். போதவில்லை என்பதைத் தராசு சொன்னது.

பாரீஸுக்கு வடக்கே 93 என்று சொல்லும் மாவட்டத்தில் இருக்கிறோம். எனக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. நாளெல்லாம் நிற்கிற வேலைதான், ஆனாலும் மிச்சமாகும் ரொட்டியும் சீஸும் எங்கே போகும்? இரண்டு குளிர்காலத்தில் 9 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். கோடையில் நடந்தேன். லா கூர்னேவில் 400 ஹெக்டேருக்கு மேல் ஒரு பூங்கா இருக்கிறது, நடக்க நடக்கப் போய்க்கொண்டே இருக்கும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். நவம்பர் பிறந்ததும் எல்லாம் போச்சு. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து பையனை அழைத்து வருவதற்குள் கும்மிருட்டு, மேலே தூறல். நம் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரையே நடக்கவிடுகிறார்களே, அதன் அருமை அங்கே போனால்தான் தெரியும்.

சரி, ஜிம் தேடுவோம் என்று முடிவு செய்தேன். முதல் தடுமாற்றமே சொல்லில். அங்கே 'ஜிம்' என்று கேட்டால் பாய் விரித்துச் செய்யும் பயிற்சி வகுப்பைக் காட்டுவார்கள். 'ஜிம்னாஸ்' என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடும் பெரிய கூடம். நாம் ஜிம் என்று சொல்கிறோமே, மிஷின் எல்லாம் வைத்த இடம், அதற்கு 'சால் த ஸ்போர்' என்று பெயர். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை ஜிம்னாஸ் வாசலில் போய் நின்று ஹேண்ட்பால் மேட்ச் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

2021 அக்டோபரில் ஒரு பெரிய சங்கிலி நிறுவனத்தின் கிளையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அந்த மாதிரி நாலைந்து இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இதே கதைதான். வாசலில் பெரிய எழுத்தில் 19.99 யூரோ. யூரோ இப்போது 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, கணக்குப் போட வசதி: 2,000 ரூபாய். பாரீஸ் விலைவாசிக்கு அது மலிவுதான். ரெஸ்டாரண்டில் ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிடும் காசு.

பணமாகக் கொடுக்க முடியாது. 'ரிப்' என்று வங்கிக் கணக்கு விவரம் போட்ட தாள் ஒன்று கேட்பார்கள், அதை வைத்து அவர்களே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குக் கணக்குத் திறக்கவே ஒன்றிரண்டு மாதம் இழுக்கும். அதுவரை இந்த மாதிரி இடத்தில் சேருவது கஷ்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வீட்டுக்காரர் கணக்கைக் கொடுத்தோம். கணக்கு யாருடையதோ அவரே வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். ரோய்சி விமான நிலையத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்த கையோடு தூக்கக் கண்ணுடன் வந்து போட்டுவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட இடம் அது.

முதல் ஆச்சரியம் ஜனவரியில் வந்தது. வங்கிக் கணக்கில் எடுத்த தேதிகள் ஒவ்வொரு தடவையும் முன்னே முன்னே நகர்ந்துகொண்டிருந்தன. ஒப்பந்தத்தை எடுத்து அகராதியுடன் உட்கார்ந்தேன். 'கத்ர் செமேன்' என்று இருந்தது. நாலு வாரம். மாதம் என்று எங்கேயும் எழுதவில்லை. வருஷத்துக்கு 52 வாரம், நாலால் வகுத்தால் 13. ஆக 19.99 பதின்மூன்று தடவை. 260 யூரோ, அதோடு சேரும்போது கட்டிய 30. பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருந்தது. நம் ஊர்ச் சீட்டுக்காரரிடம் மாதத்துக்கு எத்தனை நாள் என்று யாராவது கேட்போமா? அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கேட்காமல் விட்டேன்.

உள்ளே எப்படி? குறை சொல்லுமுன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். மிஷின்கள் புதுசு, சுத்தம். போனில் வரும் க்யூஆர் கோடைக் காட்டினால் கண்ணாடிக் கூண்டு ஒன்று திறக்கும். ஒரு ஆள் நுழைந்ததும் பின்னால் மூடும், அப்புறம்தான் முன்னால் திறக்கும். முதல் நாள் கைப்பையும் காய்கறிப் பையுமாகப் போய், கூண்டு என்னை இரண்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு பையன் கைகாட்டி, முருங்கைக்காயைத் தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னபின் விட்டது. அன்று ஞாயிறு, பாரீஸில் லா ஷப்பல் பக்கம் ஈழத்தமிழர் கடையில் வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தேன்.

இன்னொரு பெரிய நல்லது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முத்தியால்பேட்டையில் நான் டிரெட்மில்லில் ஏறிய முதல் நாளே இரண்டு பேர், "ஃபிரான்ஸ்ல நல்ல சாப்பாடு போல" என்றார்கள். அங்கே நான் ஆறு மாதம் போய் வந்தும் யாருக்கும் என் பெயர் தெரியாது. சில நாள் அது நிம்மதி. சில நாள் கூண்டுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம் போலிருக்கும்.

மாலை 6 முதல் 8 வரை கூட்டம் தாங்காது. ஒரு மிஷினுக்கு மூன்று பேர் காத்திருப்பார்கள். நான் கால் மிஷினில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து ஏதோ கேட்டார். வேகமாகப் பேசியதில் எனக்குக் கேட்டது, "கோம்பியான் த சேரி?" கடைசியில் சேரி என்று வந்ததும், எந்த ஊர் என்று கேட்கிறார் போல, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே என்று மகிழ்ந்து "புதுச்சேரி!" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "தூ?" என்று இரண்டு விரலைக் காட்டினார். சேரி என்றால் செட். இன்னும் எத்தனை செட் பாக்கி என்று கேட்டிருக்கிறார். அலியான்ஸ் ஃபிரான்சேஸில் இரண்டு கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் போனேன். ரயில் டிக்கெட் வாங்குவதும் டாக்டரிடம் பேசுவதும் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சித்தி பெண்ணே, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள். நாளைக்கு நாலு தடவை கேட்பார்கள்.

துண்டு கட்டாயம். பெஞ்சில் விரித்துத்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வெளியே அனுப்புவார்கள். லாக்கருக்குப் பூட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். மறந்துபோனால் விற்பார்கள், விலை வாயில் நுழையாது.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் நிஜமான குறை. மிஷின் பக்கத்தில் படம் ஒட்டியிருப்பார்கள், பார்த்துச் செய்துகொள்ள வேண்டும். மேலேயிருந்து கம்பியை இழுக்கும் மிஷினை நான் பிடரிக்குப் பின்னால் இழுத்து, மூன்று வாரம் தோளைத் தூக்க முடியாமல் திண்டாடினேன். தலைவாரப் பையன்தான் உதவி. மாலி நாட்டுப் பெண்மணி ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து, என் முழங்கையைப் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். இங்கே மாஸ்டர் இருந்த இடத்திலிருந்தே "முதுக நிமித்துமா!" என்று கத்துவார். காதுக்கு இம்சைதான், ஆனால் தோள் தப்பும். (இங்கேயும் குறை உண்டு. டம்பெல்லில் பாதி துருப்பிடித்திருக்கிறது, கரண்ட் போனால் ஃபேனும் இல்லை, மாடித் தகரம் கொதிக்கிறது.)

2022 பிப்ரவரியில் அப்பாவுக்கு முடியாமல் போனது. அவசரமாக டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்தவள் மூன்று மாதம் இருந்தேன். வந்த முதல் வாரமே ஜிம்முக்கு எழுதினேன், நான் திரும்பும்வரை நிறுத்திவையுங்கள் என்று. உறுப்பினருக்கே உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று இருந்தால் பார்க்கலாம், அப்பாவுக்கு என்றால் முடியாது என்று பதில். வெளியேறிவிடுகிறேன் என்றால், ஒரு வருஷ ஒப்பந்தம், முடியும்வரை கட்டித்தான் ஆகவேண்டும். முடிந்தபிறகு விலகவும் கையெழுத்துப் போட்ட கடிதம், அதுவும் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில். அந்தத் தபாலுக்கே 5 யூரோவுக்கு மேல். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில். என் போனில் நாலு வாரத்துக்கு ஒருமுறை, 19.99 எடுக்கப்பட்டது என்று செய்தி. அந்தச் சத்தமே பிடிக்காமல் போனது.

இப்போது போகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் விடிவு. 2022 ஆகஸ்ட் 16ஆம் தேதிச் சட்டம் ஒன்று, 2023 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. இணையத்தில் சேர வழி வைத்திருக்கிற நிறுவனம், இணையத்திலேயே விலகவும் பொத்தான் வைக்க வேண்டும். பதிவுத் தபால் தேவையில்லை. ஆகஸ்ட் 16 நமக்கும் சும்மா தேதி இல்லை, 1962இல் அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஜிம்மை விட்டுப் போகவும் அதே நாள்தான் கைகொடுக்கிறது பாருங்கள். ஆனால் ஏமாந்துவிட வேண்டாம். பொத்தான் வந்ததால் ஒரு வருஷக் கட்டாயம் போய்விடவில்லை. பொத்தானை அழுத்தினாலும் அந்த வருஷக் காசு காசுதான். 'சான்ஸ் ஆங்காஜ்மான்' என்று எழுதியிருந்தால்தான் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்கு விலை கொஞ்சம் கூட. முதல் வருஷம் போகிறவர்கள், வீடு மாறும், வேலை மாறும், ஊரிலிருந்து போன் வரும் என்கிற நிலையில் இருப்பவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

வருஷம் முடிந்ததும் போனிலேயே கணக்குப் பார்த்தேன். நான் உள்ளே நுழைந்தது 41 தடவை. கட்டியது 290 யூரோ. ஒரு தடவைக்கு 7 யூரோ. முத்தியால்பேட்டையில் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை அங்கே ஒவ்வொரு தடவையும் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கை லா ஷப்பலில் என் ஈழத்துத் தோழியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "நீங்கள் மேரியில கேட்டுப் பாக்கேல்லையோ? செப்டம்பர்ல போய்க் கேளுங்கோ, மலிவாக் கிடைக்கும்" என்றார். மேரி என்றால் நகராட்சி. நம் கடற்கரையில் 2014 மழையில் இடிந்து விழுந்து திரும்பக் கட்டினார்களே மேரி கட்டடம், அதே சொல். பிறந்த ஊரில் தினமும் அந்தச் சொல்லைத் தாண்டி நடந்தவளுக்கு அங்கே போய்க் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் முதல் வாரங்களில் ஊருக்கு ஊர், 'ஃபோரம் தே அசோசியேஷான்' என்று ஒரு சனிக்கிழமை நடக்கும். மைதானத்தில் மேஜை போட்டு அந்த ஊர்ச் சங்கங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஜூடோ, பாட்டு, தையல், நீச்சல், நம்முடைய 'ஜிம்'. அதில் பெண்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து வருஷத்துக்கு 150 யூரோ என்றார்கள். செவ்வாயும் வியாழனும் இரவு 7 மணிக்கு, ஒரு மணி நேரம். முதல் வகுப்பு இலவசம். பிடித்தால் சேரலாம். உடல்நலக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். பணத்துக்கு மூன்று செக் வாங்கிக்கொண்டு, அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று போட்டுக்கொள்கிறார்கள். செக் புத்தகத்தை நான் அந்த நாட்டில் உருப்படியாகப் பயன்படுத்துவது இதற்கு மட்டும்தான். சில ஊர்களில் மேரியே நேரடியாக நடத்தும் வகுப்புகளும் உண்டு. வரித் தாளைக் காட்டினால் வருமானத்துக்குத் தகுந்தபடி கட்டணம் இன்னும் இறங்கும்.

வகுப்பு நடப்பது அன்று நான் ஹேண்ட்பால் பார்த்த அதே ஜிம்னாஸில். மரத்தரை, அதில் நாலு நிறத்தில் கோடுகள், ரப்பர் வாடை. பாய், ரப்பர் பட்டை, ஒரு கிலோ டம்பெல். அவ்வளவுதான் சாமான். சொல்லிக்கொடுக்கிற மதாம் அறுபதைத் தொட்டிருப்பார், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பேசுவார். வந்திருப்பவர்களில் நான்தான் சின்னவள். எல்லாருக்கும் முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. மூன்று வருஷத்தில் முழங்கால் சம்பந்தமான எல்லா ஃபிரெஞ்சுச் சொல்லும் எனக்கு அத்துப்படி. இரண்டு வகுப்பு போகாவிட்டால் போன் வருகிறது.

வெயிட் தூக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. சித்தி பெண்ணுக்கு இருபத்தைந்து வயது, அவளுக்கு போரடிக்கும். ஜனவரியில் கூடம் குளிரும், பாயில் படுக்கவே மனம் வராது. பள்ளி விடுமுறை வந்தால் வகுப்பும் கிடையாது: அக்டோபர் கடைசி, கிறிஸ்துமஸ், பிப்ரவரி, சித்திரை, ஒவ்வொன்றும் இரண்டு வாரம். ஜூலை ஆகஸ்ட் முழுக்க மூடல். மற்றவர்கள் அதைச் சொல்லிக் குறைப்படுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பள்ளிக் கேன்டீன் மூடும்போதுதான் நான் ஊருக்கு வருவேன். வகுப்பு இல்லாத நாளுக்குக் காசும் இல்லை. போன வருஷம் 50 வகுப்புப் போனேன், தடவைக்கு 3 யூரோ.

நீச்சல் பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பாரீஸ் மாநகராட்சிக் குளங்களில் நான் விசாரித்தபோது ஒரு தடவைக்கு 3.50 யூரோ, ஒப்பந்தமே கிடையாது. தலைக்குத் தொப்பி கட்டாயம், ஆண்கள் தொளதொள அரைக்கால் சட்டையில் இறங்க முடியாது. எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சின்ன உடையைக் கடையில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சித்தி பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் மொதல்ல அந்தக் கூண்டு ஜிம்லயே சேர்றேங்க்கா, ஒப்பந்தம் இல்லாதது. பிடிக்கலன்னா செப்டம்பர்ல உன் கெழவிங்ககிட்ட வந்துடறேன்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் பெரிய மார்க்கெட்டில் அவளுக்குச் சாமான் வாங்கப் போனோம். ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்தேன். டர்க்கி டவல் கனம், பெட்டியில் 23 கிலோவைத் தின்றுவிடும், அந்தக் குளிரில் காயவும் காயாது. இது ராத்திரி ஹீட்டர்மேல் போட்டால் காலையில் மொறுமொறுவென்று இருக்கும். "ஒண்ணு பெஞ்சுக்கு, ஒண்ணு முகத்துக்கு" என்றேன். அவள் பூட்டுக் கடை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.